தோட்டத்து வேலைகளைக் கண்காணிக்கும் மக்கள் குழு: கட்சிச் சார்பும் நலன் முரண்பாடும் புகாமல் நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேயிலை மலைக்கு ஏறும் புதிய கொங்கிறீட் பாதையின் ஓரத்தை எங்கள் முதல் கண்காணிப்புக் குழுவின் ஐந்து பேர் அலவாங்கால் தோண்டிப் பார்த்தோம். எஸ்டிமேட்டில் நான்கு அங்குலம் என்றிருந்த கனம், அளந்த ஐந்து இடங்களிலும் மூன்று அங்குலத்தைத் தாண்டவில்லை. பாதையின் நீளம் 150 மீற்றர், அகலம் மூன்று மீற்றர். அந்த ஓர் அங்குலக் குறை பாதை முழுவதற்கும் பொருந்துமானால், ஏறத்தாழ 11 கன மீற்றர் கொங்கிறீட் காசு வாங்கியும் கொட்டப்படவில்லை என்று அர்த்தம். அளவுகளை எழுதினோம், படம் எடுத்தோம், கையொப்பமும் வைத்தோம். ஆனால் அந்த அறிக்கை எங்கள் செயலாளரின் அலுமாரியை விட்டு வெளியே போகவில்லை. கொந்தராத்துக்காரர் எங்களில் ஒருவருக்கு மச்சான். இன்னொருவர் தோட்டத் தலைவர், அதாவது தோட்டத்தில் தொழிற்சங்கக் கிளையின் தலைவர். பாதைக்கு நிதி ஒதுக்கித் தந்த பிரதேச சபை உறுப்பினர் அவருடைய சங்கத்துக்காரர். என் தங்கையின் பெயரோ, அதே உறுப்பினர் கையில் வைத்திருந்த வீட்டுத் திட்டப் பட்டியலில் பதினேழாவதாக இருந்தது. எங்களில் எவரும் ஒரு சதம்கூட வாங்கவில்லை. மிரட்டவும் ஆளில்லை. “ரோட்டு வந்ததே பெரிசு தம்பி, அளந்து கெடுத்துக்காத” என்று வயதில் மூத்த ஒருவர் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

நலன் முரண்பாடு என்பது இதுதான். அது இலஞ்சம் அல்ல, திருட்டும் அல்ல. பொதுக் காரியத்துக்காகத் தீர்மானம் எடுக்க வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, அந்தத் தீர்மானம் ஒரு பக்கம் சாய்ந்தால் தனக்கோ தன்னவருக்கோ நன்மையோ நட்டமோ வரக்கூடிய நிலை அது. நேர்மையான ஆளுக்கும் அந்த நிலை வரும். இலங்கையின் மலையகத்தில் அது அடிக்கடி வரும். ஏனென்றால் டிவிசன் என்று நாங்கள் சொல்லும் ஒரு தோட்டப் பிரிவில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோவொரு முறையில் சொந்தம், அநேகமாக எல்லோரும் ஏதோவொரு சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள். உறவே இல்லாத ஆட்களைத் தேடிக் குழு அமைப்பது இங்கே நடக்காத காரியம். இருக்கிற உறவை முன்கூட்டியே எழுத்தில் வைப்பதும், அந்த உறவு குறுக்கிடும் விடயம் வரும்போது எழுந்து வெளியே போவதும்தான் நடக்கக்கூடியவை. இந்த இரண்டையும் எப்படி வழமையாக்குவது என்பதையே கீழே படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: யாருடைய பணம், யாருடைய வேலை என்று கண்டுபிடித்தல்

தோட்டத்துக்குள் நடக்கும் வேலையைக் கண்காணிப்பதில் வரும் முதற் சிக்கல், அந்த வேலைக்கு யார் பொறுப்பு என்பது வெளியில் தெரியாமல் இருப்பதுதான். ஒரே பாதையில் மேல்பாதி தோட்டக் கம்பனியுடையதாகவும் கீழ்ப்பாதி பிரதேச சபையுடையதாகவும் இருக்கலாம். வீதி அபிவிருத்தி அதிகார சபை, மாகாண சபை, அமைச்சு, பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்று வேறு வாசல்களும் உண்டு. 1992இல் பெருந்தோட்டங்கள் பிராந்தியக் கம்பனிகளின் முகாமைக்குக் கைமாறியபோதும் நிலம் அரசுடையதாகவே இருந்தது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிறவர்கள் இரண்டுக்கும் இடையில் நின்றார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவு, தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நீண்டகாலம் இருந்தது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரபத்தனை ஆகிய புதிய பிரதேச சபைகளும் செயற்படத் தொடங்கின. ஆகவே “தோட்டத்துக்குள் சபை எதுவும் செய்ய முடியாது” என்று இப்போது எவராவது உங்களிடம் சொன்னால், அது பழைய கதை.

எந்த வேலையை எடுத்தாலும் நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பணம் எங்கிருந்து வருகிறது, வேலையைக் கொடுப்பது யார், செய்வது யார், முடிந்ததென்று கையொப்பமிட்டுப் பணத்தை விடுவிப்பது யார்? நான்கு பதில்களில் இரண்டு ஒரே ஆளிடமோ ஒரே குடும்பத்திடமோ போய் நின்றால், அளவுநாடாவை எடுப்பதற்கு முன்பே நீங்கள் பார்க்க வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

இரண்டாம் படி: குழுவை அமைப்பதும் கலைப்பதும் யார் கையில்

ஒரு கண்காணிப்பு அமைப்பு சுதந்திரமானதா என்று பார்க்க, அதை நியமிப்பது யார், கலைப்பது யார் என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். நாட்டின் அனுபவமும் அதுதான். ஆணைக்குழுக்களுக்கான நியமனங்களை ஒரு தனியாளின் விருப்பத்திலிருந்து எடுக்க 2001இல் 17ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையைக் கொண்டுவந்தது. 2010இல் 18ஆவது திருத்தம் அதை நீக்கியது, 2015இல் 19ஆவது மீளக் கொண்டுவந்தது, 2020இல் 20ஆவது மறுபடி எடுத்துப்போட்டது, 2022இல் 21ஆவது திரும்பத் தந்தது. இப்போதுள்ள பேரவையின் பத்துப் பேரில் ஏழு பேர் பாராளுமன்றத்தில் இருப்பவர்கள், மூவர் மட்டுமே வெளியார். ஆள்பவரின் தயவில் நிற்கும் சுதந்திரம், அவர் மனம் மாறும் நாளில் போய்விடும்.

எனவே உங்கள் குழுவைத் தோட்டத் தலைவரோ, சபை உறுப்பினரோ, தோட்ட முகாமையாளரான பெரிய துரையோ நியமிக்கக்கூடாது. டிவிசனின் பொதுக்கூட்டத்தில், எழுத முடியாதவர்களும் போடக்கூடிய விதமாகச் சின்னம் வைத்த வாக்குச்சீட்டால், இரகசியமாகத் தெரிவு செய்யுங்கள். அதே பொதுக்கூட்டம் மட்டுமே குழுவைக் கலைக்க முடியும் என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். ஏழு பேர் போதும். கூடவே இரண்டு மாற்று உறுப்பினர்கள் கட்டாயம் வேண்டும், காரணம் நான்காம் படியில் வருகிறது. கூட்டம் கொழுந்து எடைபோட்டு முடிந்து பெண்கள் வீட்டுக்கு வந்து, அடுப்பையும் பார்த்த பிறகு நடக்கட்டும். மாலை நான்கு மணிக்கு வைத்தால் கொழுந்தெடுக்கும் ஒருவரும் வர முடியாது. வேலைக்குப் போகாதவர்களே குழுவை நிரப்புவார்கள், அவர்களில் பாதிப் பேர் ஏதோவொரு கட்சி அலுவலகத்தில் பொழுது போக்குகிறவர்களாக இருப்பார்கள்.

யாரைச் சேர்க்கக்கூடாது? தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவின் உறுப்பினர்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் அளவுகோல் கடுமையானது: பாராளுமன்றம், மாகாண சபை, உள்ளூராட்சி சபை எதிலும் உறுப்பினராக இருக்கக்கூடாது, எந்தக் கட்சியோடும் தொடர்பு இருக்கக்கூடாது. அந்த அளவுகோலை அப்படியே தோட்டத்தில் வைத்தால் குழுவுக்கு ஆளே கிடைக்காது. சந்தா கட்டுவது வேறு, பதவி வகிப்பது வேறு என்று பிரித்துப் பாருங்கள். சந்தா கட்டும் சாதாரண அங்கத்தவர் சேரலாம், ஆனால் எந்தச் சங்கம் என்பதை எழுதிக்கொடுக்க வேண்டும். தோட்டத் தலைவர், கமிட்டிக்காரர், மாதர் அணித் தலைவி, இளைஞர் அணி அமைப்பாளர், கடந்த தேர்தலில் வேட்பாளராக நின்றவர், சபை உறுப்பினர், அவர்களோடு ஒரே வீட்டில் சமைத்து உண்பவர்கள் ஆகியோர் சேரக்கூடாது. கொந்தராத்துக்காரரும், வேலைக்குப் பொறுப்பான தோட்ட உத்தியோகத்தரும் அப்படியே.

இங்கே பலரும் விழும் ஒரு குழியைச் சொல்லிவிடுகிறேன். “சங்கத்துக்கு ஒருவர் வீதம் போட்டால் நடுநிலையாகிவிடும்” என்பார்கள். ஆகாது. மூன்று சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்தால் அது கண்காணிப்புக் குழு அல்ல, சிறிய பேரம் பேசும் மேசை. உன் ஆளின் பாதையை நான் கேட்கமாட்டேன், என் ஆளின் கிணற்றை நீ கேட்காதே என்பதில்தான் அது முடியும். பிரதிநிதித்துவம் தேவைப்படும் இடங்கள் உண்டு, அளவுநாடா பிடிக்கும் இடம் அதில் ஒன்றல்ல.

தொழிற்சங்கமே கட்சியாகவும் இருப்பது மலையகத்தின் வரலாறு, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 1978இல் அமைச்சரவையில் சேர்ந்தபோது தோட்டங்கள் பெரும்பாலும் அரசுடைமை. அதாவது தொழிலாளர் சார்பில் சம்பளம் கேட்கும் தலைவரும், சம்பளம் கொடுக்கும் அரசாங்கத்தின் அமைச்சரும் ஒருவரே. 1986இன் பிரார்த்தனைப் போராட்டமும், நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்த 1988இன் சட்டமும் அவர் அந்த நாற்காலியில் இருந்த காலத்திலேயே வந்தன என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். இரட்டை நாற்காலி எப்போதும் தீமை செய்யும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அப்படி ஒருவர் இருக்கும்போது அவரைக் கேள்வி கேட்க வெளியில் வேறொருவர் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: உறவுத் தாள்

சட்ட மொழியில் இதை நலன் வெளிப்படுத்தல் என்பார்கள். எங்கள் பக்கத்தில் உறவுத் தாள் என்றே பெயர் வைத்துவிட்டோம். குழுவில் சேரும் நாளில் ஒவ்வொருவரும் ஒரு பக்கத் தாளை நிரப்பி, கூட்டத்தில் வாசித்து, கையொப்பமிட வேண்டும். வாசிப்பது முக்கியம். உறையில் போட்டு ஒட்டிவைத்த தாள் யாரையும் கட்டாது.

உறவு என்றால் எதுவரை? லயத்தில் எல்லோரும் மாமன், மச்சான், சித்தப்பா என்று அழைக்கப்படுகிறவர்கள் ஆதலால், எல்லையை முதலிலேயே போட வேண்டும். கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தோர், சம்பந்தி, தாய்மாமன் வரை எழுதினால் போதும். தாய்மாமனை ஏன் சேர்த்தேன் என்றால், நம் வீடுகளில் காதுகுத்து முதல் கல்யாணம் வரை அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

இரத்த உறவைவிடப் பணத் தொடர்பு ஆழமானது, அதை எழுதத்தான் கூச்சப்படுவார்கள். கடைப் பற்று யாரிடம் இருக்கிறது, யாரிடம் வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள், நகை யார் கையில் அடகாக இருக்கிறது, யார் பிடிக்கும் சீட்டில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். தொகை கேட்க வேண்டாம், பெயர் மட்டும் போதும். கொந்தராத்துக்காரரின் கடையில் மூன்று மாதப் பற்று வைத்திருக்கும் ஒருவர் அந்தக் கொந்தராத்துக்காரரின் சீமெந்துக் கலவையை எப்படிக் கேள்வி கேட்பார்?

அடுத்தது எதிர்பார்ப்பு. கொடுத்த பணத்தைவிட, கிடைக்கப்போகும் ஒன்று வாயை இறுக்கமாகக் கட்டும். வீட்டுத் திட்டப் பட்டியலில் பெயர், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுக்கான மேன்முறையீடு, மகனுக்கு அலுவலக உதவியாளர் வேலைக்கு எழுதிக்கொடுத்த கடிதம், மகளின் இடமாற்றம் எல்லாம் இதில் வரும். இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகளும், பின்னர் மேலும் 10,000 வீடுகளும் மலையகத்துக்கு என்று அறிவிக்கப்பட்ட பிறகு, காத்திருப்போர் பட்டியலில் இல்லாத குடும்பத்தை ஒரு டிவிசனில் கண்டுபிடிப்பது கடினம். என் தாளில் இன்று முதல் வரியாக இருப்பது என் தங்கையின் பெயர்தான். அன்றைக்கே அதை எழுதியிருந்தால், பாதை அறிக்கை அலுமாரிக்குள் போயிருக்காது.

இது நாமாகக் கண்டுபிடித்த வழக்கமல்ல. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் நலன் முரண்பாட்டைத் தனிக் குற்றமாகவே ஆக்கியிருக்கிறது. தனக்கோ உறவினருக்கோ கூட்டாளிக்கோ நலன் உள்ள விடயத்தில் அரச உத்தியோகத்தர் தீர்மானம் எடுப்பது அதற்குள் அடங்கும். 1975இன் சொத்து வெளிப்படுத்தல் சட்டத்தின் இடத்தையும் அதுவே பிடித்தது. பிரதேச சபை உறுப்பினர்களும் ஆண்டுதோறும் சொத்து, கடன் விபரம் கொடுக்க வேண்டும்; தனிப்பட்ட சில விபரங்கள் மறைக்கப்பட்ட பிரதிகளை இலஞ்ச ஊழல் ஆணைக்குழு தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. உங்கள் சபை உறுப்பினரின் பிரதியைத் தேடிப் பாருங்கள். அதற்கு முன் உங்கள் தாளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் முதற் கேள்வி உங்களை நோக்கித்தான் வரும்.

நான்காம் படி: எழுந்து வெளியே போதல்

உறவைச் சொல்லிவிட்டு அதே இடத்தில் உட்கார்ந்திருப்பது, என் கணிப்பில், சொல்லாமல் இருப்பதைவிடக் கேடானது. “எனக்கு மச்சான்தான், ஆனால் நான் நியாயமாகத்தான் பேசுவேன்” என்று ஒருவர் சொன்ன பிறகு, மற்ற ஆறு பேரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவருடைய மச்சானைக் குறை சொல்ல வேண்டும். பத்தடிக்குப் பத்தடி காம்பராவில் அது நடக்காது. அவர் வாயைத் திறக்கத் தேவையில்லை, இருமினாலே போதும்.

ஆகவே நடைமுறை இப்படி இருக்கட்டும். கூட்டம் தொடங்கியதும் அன்றைய விடயங்களைத் தலைவர் ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் “இதில் யாருக்காவது தொடர்பு உண்டா” என்று கேட்க வேண்டும். தொடர்புள்ளவர் அதைச் சொல்லி, அந்த விடயம் வரும்போது அறையை விட்டு வெளியே போக வேண்டும். கதவருகில் அல்ல, பேச்சு கேட்காத தூரத்துக்கு. அவருடைய இடத்தில் மாற்று உறுப்பினர் உட்காருவார். விடயம் முடிந்ததும் அவரை அழைக்கலாம், ஆனால் என்ன பேசினோம் என்பதை அவரிடம் சொல்லக்கூடாது. அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்படும்போது மற்றவர்களோடு சேர்ந்து அவரும் கேட்டுக்கொள்ளட்டும். தானாகச் சொல்லாத ஒருவரைப் பற்றி இன்னொருவர் எழுப்பினால், மற்றவர்கள் வாக்கெடுத்து முடிவு செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் வெளியே போவதே வழமை.

கூட்ட அறிக்கையில் எழுதும் வாசகம் குறுகியதாக, இப்படி இருந்தால் போதும்: “மூன்றாம் விடயம், கீழ் டிவிசன் நீர்த்தாங்கி. வேலையைச் செய்பவர் தன் மனைவியின் சகோதரர் என்று உறுப்பினர் தெரிவித்து, மாலை 6.40க்கு வெளியேறினார். மாற்று உறுப்பினர் அமர்ந்தார். தீர்மானத்தின் பின் 7.05க்கு உறுப்பினர் திரும்பினார்.” நேரத்தைக் குறிப்பது அதிகப்படியாகத் தோன்றலாம். ஒரு வருடம் கழித்து எவராவது “அவர் அங்கேதான் இருந்தார்” என்று சாதிக்கும்போது அந்த நேரம்தான் கைகொடுக்கும்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். அரச நிறுவனங்களின் கணக்குகளை ஆராயும் பாராளுமன்றக் கோப் குழுவுக்கு 2024 மார்ச்சில் தெரிவான தலைவரை ஏற்காமல் உறுப்பினர்கள் பலர் அடுத்தடுத்து விலகினார்கள். விசாரிப்பவர் மீதே நம்பிக்கை போன பிறகு, அவர் எவ்வளவு நேர்மையாக விசாரித்தாலும் அந்த அறிக்கைக்கு எடை இருக்காது.

ஐந்தாம் படி: தேநீர், வேன், கூடும் இடம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். வேலை நடக்கும் இடத்துக்குப் போகும்போது தேநீரைப் பிளாஸ்கில் கொண்டுபோங்கள். கொந்தராத்துக்காரர் தரும் சோற்றுப் பார்சலை வாங்க வேண்டாம். வாங்க மறுப்பது அவமரியாதை என்று நம் ஆட்கள் நினைப்பார்கள், எனவே “குழுவில் அப்படித் தீர்மானம் இருக்கிறது” என்று பழியைத் தீர்மானத்தின் மேல் போட்டுவிடுங்கள். சபை உறுப்பினரின் வேனில் ஏறிப் போய் சபையின் வேலையைப் பார்வையிடாதீர்கள். சங்கக் காரியாலயத்தில் கூட வேண்டாம். கோயில் மண்டபத்தில் கூடலாம், தர்மகர்த்தா கட்சிப் பதவியில் இல்லாதவரை. பஸ் காசு, தபால் செலவு, போட்டோப் பிரதிச் செலவு இவற்றுக்கு வீட்டுக்கு மாதம் இருபது ரூபா சேர்த்தால் போதும். அரசியல்வாதியின் நன்கொடை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வேண்டாம். தொண்டு நிறுவனம் ஏதாவது உதவினால், தொகையையும் அது எதற்காக என்பதையும் பலகையில் எழுதுங்கள்.

ஆறாம் படி: ஆவணங்களைக் கேட்டுப் பெறுதல்

ஆவணம் கையில் இல்லாத கண்காணிப்பு வெறும் முணுமுணுப்பு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. சபையிலோ பிரதேச செயலகத்திலோ உள்ள தகவல் அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்கலாம், அலுவலர் அதை எழுத்தில் பதிந்துகொள்ள வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், தமிழிலேயே பதில் கேளுங்கள். அது சலுகையல்ல, அரசியலமைப்பு தந்த உரிமை. கொடுத்ததும் பற்றுச்சீட்டு வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

வேலைநாள் 14க்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். வராவிட்டாலோ மறுத்தாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம்; அவருக்கு மூன்று வாரம். அங்கேயும் சரிவராவிட்டால், இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவுக்கு. இந்த நாட்களை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்துவையுங்கள். எங்கள் முதல் விண்ணப்பம் வீணானது அலுவலரின் பிழையால் அல்ல. மேன்முறையீட்டு நாளை நாங்கள் தவறவிட்டோம்.

கேட்கும் விதத்தில் இருக்கிறது காரியம். “பாதை வேலையில் ஊழல் நடந்ததா” என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது தகவல் அல்ல. இப்படிக் கேளுங்கள்: “இன்ன டிவிசன் கொங்கிறீட் பாதைக்கான எஸ்டிமேட், விலைமனுக்களின் ஒப்பீட்டுத் தாள், ஒப்பந்தம், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் அளவைப் பதிவுகள், கொடுப்பனவு வவுச்சர்கள், மதிப்பீட்டுக் குழு உறுப்பினர்கள் நலன் குறித்துக் கையொப்பமிட்ட பிரகடனங்கள் ஆகியவற்றின் பிரதிகள்.” கடைசியில் உள்ளதைப் பலர் கேட்பதில்லை. பெறுகை நடைமுறையில் விலைமனுவை மதிப்பிடுகிறவர்கள் தமக்கு அதில் தொடர்பில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தாள் இல்லையென்ற பதிலே உங்களுக்கு ஒரு கண்டுபிடிப்பு.

இன்னும் இரண்டு வாசல்கள் உண்டு. 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டமானால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு அதன் விபரத்தைத் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 9ஆவது பிரிவு சொல்கிறது. அந்த விபரம் எப்போது, எங்கே ஒட்டப்பட்டது என்று கேளுங்கள். தோட்டக் கம்பனியிடம் நேராகக் கேட்டுக் கிடைக்காத கடிதத்தின் மறுபிரதி சபையிலோ பிரதேச செயலகத்திலோ இருக்கும், அங்கே கேளுங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று லயங்கள் மண்ணுக்குள் போவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. அன்று தகவல் சட்டம் இல்லை. இன்று உங்கள் டிவிசன் பற்றி அப்படி ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்க ஒரு தாளும் தபால் செலவும் போதும்.

ஏழாம் படி: அளப்பதும் எழுதுவதும்

அளக்கப் போகிறவர்கள் இரண்டு பேர், இருவருக்கும் அந்த வேலையோடு உறவுத் தாளில் எந்தத் தொடர்பும் இருக்கக்கூடாது. போகும் நாளை ஒரு வாரம் முன்பே சபைச் செயலாளருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கும் எழுதி அறிவியுங்கள்; வந்தால் நல்லது, வராவிட்டால் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். படத்தில் அளவுநாடாவின் இலக்கமும், இடத்தை அடையாளம் காட்டும் ஒரு மரமோ படிக்கட்டோ தெரிய வேண்டும்.

அளந்ததை மட்டும் எழுதுங்கள். “ஓரத்தில் ஐந்து இடங்களில் கனம் மூன்று அங்குலம்” என்பது உண்மை. “பாதை முழுவதும் மூன்று அங்குலம்தான்” என்பது ஊகம். கொங்கிறீட் ஓரத்தில் மெலிந்தும் நடுவில் தடித்தும் இருக்கலாம், நடுவில் துளையிட்டுப் பார்க்கும்வரை எவருக்கும் தெரியாது. “காசை அடித்துவிட்டார்கள்” என்பது வழக்குக்கு அழைப்பு. அறிக்கையை வெளியிடுவதற்கு முன் கொந்தராத்துக்காரருக்கும் சபைக்கும் ஒரு பிரதி அனுப்பி, இரண்டு வாரம் பதிலுக்குக் காத்திருங்கள்; வந்த பதிலை வெட்டாமல் அறிக்கையோடு இணையுங்கள்.

எட்டாம் படி: எங்கே அனுப்புவது

முதலில் சபையின் தலைவருக்கும் செயலாளருக்கும், பிரதி உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கு. இங்கே ஒன்றை மனதில் வையுங்கள். மத்திய மாகாண சபையின் காலம் 2018இலும் ஊவாவினது 2019இலும் முடிந்தன, அதன் பிறகு தேர்தல் நடக்கவில்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரின் கீழ்தான் மாகாண நிர்வாகம் நடக்கிறது. பிரதேச சபைகளும் 2023 மார்ச் முதல் 2025 மே 6 தேர்தல்வரை உறுப்பினர்கள் இல்லாமலே இயங்கின. ஆகவே மேலே போகும் முறைப்பாடு யார் மேசையில் நிற்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

சபைகளின் கணக்கைக் கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அலுவலகம் ஆய்கிறது. அவர்களுடைய வருடாந்த அறிக்கையை எடுத்து, உங்கள் சபையைப் பற்றிய பந்திகளை வாசியுங்கள். உங்கள் பாதையைப் போன்ற குறை ஏற்கெனவே வேறொரு டிவிசனில் குறிக்கப்பட்டிருந்தால், உங்கள் கடிதம் அந்தப் பந்தியிலிருந்தே தொடங்கட்டும். இலஞ்சம், நலன் முரண்பாடு என்று குற்றமாகத் தெரிந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழு. அதன் தொலைபேசி இலக்கம் 1954. முறைப்பாட்டாளருக்கும் சாட்சிக்கும் 2023இன் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. பொய்யென்று தெரிந்தே முறைப்பாடு செய்வதையும் அதே சட்டம் குற்றமாக்குகிறது. ஏழாம் படியில் சொன்ன எச்சரிக்கை இதற்காகவும்தான்.

பிரதேச சபைச் சட்டத்தின்படி சபையின் ஆலோசனைக் குழுக்களில் ஊர்மக்களையும் சேர்க்க முடியும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதில் சேர்ந்து வேலைக்கு ஒப்புதல் கொடுத்தவர், அதே வேலையைக் கண்காணிக்கும் குழுவில் இருக்கக்கூடாது. இரண்டில் ஒன்று.

ஒன்பதாம் படி: தேர்தல் காலம்

அறிக்கை வெளியாகும் நாளை முன்கூட்டியே வருடத்துக்கு நான்கு என்று நிர்ணயித்துவிடுங்கள். தேர்தல் வந்தாலும் அந்த நாளை முன்னுக்கு இழுக்கவோ பின்னுக்குத் தள்ளவோ வேண்டாம். வெளியிட்டால் ஒருவருக்கு உதவி, நிறுத்தினால் இன்னொருவருக்கு உதவி. முன்பே குறித்த நாள் மட்டும்தான் எவருக்கும் உதவி செய்யாது. அளவுப் படங்களை எந்த வேட்பாளரின் வாட்ஸ்அப் குழுவுக்கும் தனியாக அனுப்பாதீர்கள். குழுவில் ஒருவர் வேட்பாளராக விரும்பினால் தாராளமாகப் போகட்டும், அது அவருடைய உரிமை; ஆனால் வேட்புமனுவுக்கு ஆறு மாதம் முன்பே விலக வேண்டும், தோற்றாலும் இரண்டு வருடம் திரும்பி வரக்கூடாது. கண்காணிப்புக் குழுவை ஏணியாக வைத்துச் சபைக்கு ஏறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஏறிய பிறகு அவர்கள் முதலில் கேட்டது ஏணியை எடுத்துவிடச் சொல்லித்தான்.

எங்கள் இரண்டாவது குழு இந்த முறையில் தொடங்கி ஏழாவது மாதத்தில், வீட்டுத் திட்டப் பட்டியல் விடயமாக மேசைக்கு வந்தது. தலைவர் வாசித்தார், “யாருக்காவது தொடர்பு உண்டா” என்று கேட்டார். நான் தங்கையின் பெயரைச் சொல்லிவிட்டு எழுந்தேன். வெளியில் நல்ல மழை. வாசிகசாலைக்கு எதிரே இருந்த பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றேன். கண்ணாடி வழியாக ஏழு தலைகள் தாளின் மேல் குனிந்திருப்பது தெரிந்தது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் கழித்து மாற்று உறுப்பினராக உட்கார்ந்திருந்த பெண் கதவைத் திறந்து, “அண்ணே, வாங்க, முடிஞ்சிருச்சு” என்றார். நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த மாதம் கூட்ட அறிக்கை வாசிக்கும்போதுதான் தெரிந்தது: பட்டியலில் பதினொரு பெயர்கள் வரிசை மாறி மேலே போயிருக்கின்றன என்றும், தெரிவுக் குழுவின் புள்ளித் தாள்களைக் கேட்டு விண்ணப்பிப்பது என்றும் தீர்மானித்திருந்தார்கள். மேலே போன பெயர்களில் பதினேழாவதும் இருந்தது.

அன்றிரவே தங்கை வீட்டுக்குப் போய் அவளிடம் விடயத்தைச் சொன்னேன். அவள் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.